பாபிலோனுக்குப் போன கடிதம்



கிறிஸ்தவர்கள் இறைவனின் வாக்கை எப்படி நம்புகிறார்கள் என்பதுதான் இன்றைய உரையின் பொருள். ஊரை விட்டு வந்தவர்கள் கூடியிருக்கும் இந்தச் சங்க அவையில் அதைப் பேச வேண்டுமானால், ஊரை விட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்திலிருந்து தொடங்குவதே முறை. எழுதியவர் எரேமியா தீர்க்கதரிசி. எருசலேமில் எழுதப்பட்ட கடிதம் பாபிலோனுக்குப் போனது.

கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணிய வைத்தான். யூதாவின் இளம் அரசன் யோயாக்கீன், அவன் தாய், அரண்மனை அதிகாரிகள், தச்சர், கொல்லர் எல்லாரும் கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். இதைச் சொல்வது வேதாகமம் மட்டுமல்ல. 1899 முதல் 1917 வரை பாபிலோனில் அகழாய்வு நடத்திய ஜெர்மானியர் ராபர்ட் கோல்டவேயின் குழு கண்டெடுத்த களிமண் பலகைகளில், யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க்குக் கணக்கு இருக்கிறது. 1939-இல் எர்ன்ஸ்ட் வைட்னர் அதைப் படித்து வெளியிட்டார். அரியணையில் இருந்தவன் அடுத்தவன் அரண்மனையில் படி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான்.

இந்த நேரத்தில் எருசலேம் ஆலயத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி எழுந்தார். அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தைப் பிடுங்கி, எல்லார் முன்னிலையிலும் உடைத்தார். இரண்டே வருடத்தில் எல்லாரும் ஊர் திரும்பிவிடுவார்கள் என்று இறைவன் பெயரால் அறிவித்தார்.

இரண்டு வருடம்! வெளிநாட்டுக்கு வந்த எந்தத் தமிழருக்குத்தான் இந்தக் கணக்கு தெரியாது? "இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் ஊரோட போயிடலாம்" என்ற பேச்சு பெட்டியைப் பிரிக்கும்போதே தொடங்கி, பிள்ளைகள் கல்லூரி முடித்த பிறகும் ஓயாமல் இருக்கும். கேட்க இனிக்கும் கணக்கு அது. எருசலேமிலும் அதற்குத்தான் கைதட்டல் கிடைத்திருக்கும்.

எரேமியாவின் கடிதத்தில் இருந்த கணக்கோ எழுபது வருடம். அரச தூதர்கள் கையில் அவர் கொடுத்தனுப்பிய அந்தக் கடிதம் அகதிகளிடம் சொன்னது இதுதான்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், சிறைப்பட்டுப் போன அந்த நகரத்தின் நலனுக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள். எழுபது வருடம் என்றால் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் ஏறக்குறைய ஒருவரும் திரும்புதலைப் பார்க்கப்போவதில்லை. பாபிலோனிலிருந்த செமாயா என்பவர் கொதித்துப்போய், இப்படி எழுதுகிறவனை ஏன் அடக்கவில்லை என்று எருசலேம் குருவுக்குப் பதில் கடிதமே போட்டுவிட்டார்.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளுக்கு இந்தக் கடிதத்தின் ஒரு வரி மிகவும் பழக்கம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் பல சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். வரும் ஆண்டுக்கென்று கையில் கிடைக்கும் வசனத்தைப் பைபிளுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். நல்ல முடிவும் எதிர்காலமும் தருவேன் என்று இறைவன் உறுதி சொல்லும் எரேமியா 29:11 அந்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம். அதற்கு முந்தைய வசனத்தில்தான் எழுபது வருடம் இருக்கிறது. அட்டையில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. பத்தாவதை விட்டுப் பதினொன்றை மட்டும் படித்தால் எரேமியா சொன்னது அனனியா சொன்னதைப் போலவே ஆகிவிடும்.

பிறருக்கு எழுபது வருடத்தைச் சொன்ன எரேமியா தன் விஷயத்தில் என்ன செய்தார்? கி.மு. 587 வாக்கில் பாபிலோன் படை மீண்டும் எருசலேமை வளைத்து நின்றது. நகரம் விழப்போகிறது என்று பேசியதற்காக எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அங்கே வந்தார் பெரியப்பா மகன் அனாமெயேல்: ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை நீ வாங்கிக்கொள், உறவினன் என்ற முறையில் மீட்கும் உரிமை உனக்குத்தான். எருசலேமிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர் ஆனதோத். சுற்றிலும் எதிரிப் படை. வாங்கினாலும் காலெடுத்து வைக்க முடியாத நிலம்.

எரேமியா வாங்கினார். விலை 17 சேக்கல், அதாவது ஏறக்குறைய 200 கிராம் வெள்ளி. தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்ட படி ஒன்றும் திறந்த படி ஒன்றுமாக எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைத்தார். நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்துக்குள் வைக்கச் சொன்னார். இந்த நாட்டில் மறுபடி வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் விலைக்குப் போகும் என்ற வாக்கு அப்போதுதான் சொல்லப்பட்டது. எல்லாம் முடிந்த பிறகு எரேமியா ஜெபத்தில் போய், நகரமே எதிரி கையில் போகும்போது நிலத்தை வாங்கு என்கிறீரே என்று இறைவனையே கேட்கிறார். சந்தேகம் கேட்பதற்கு முன்பே அவர் பத்திரத்தை முடித்துவிட்டார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அந்த நிலம் வாங்கிய கதையை இருபதாம் நூற்றாண்டின் ஒரு சிறைக்கைதி பற்றிக்கொண்டார். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோஃபர் 1943 ஜனவரியில் மரியா ஃபான் வேடமையருடன் திருமணம் நிச்சயித்தார், ஏப்ரலில் கைதானார். அந்த ஆகஸ்டில் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து மரியாவுக்கு எழுதிய கடிதத்தில், எரேமியாவின் நிலத்தை நினைவூட்டி, நாடு அழியும் நாளில் தாங்கள் கல்யாணத்துக்கு முடிவெடுத்ததும் அதே வகை நம்பிக்கைதான் என்றார். கல்யாணம் நடக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது.

வாக்கு நிறைவேறுவதைப் பார்க்காமலே இறந்துபோகும் இந்த நெருடலைக் கிறிஸ்தவ வேதம் மூடி மறைக்கவில்லை. எபிரெயர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் ஆபிரகாம் முதலானோரைப் போற்றும்போது, வாக்குப் பண்ணப்பட்டதைக் கையில் பெறாமல், தூரத்திலே கண்டு மகிழ்ந்தே அவர்கள் இறந்தார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சின்ன ஆசியாவில் சிதறி அந்நியராக வாழ்ந்தவர்களுக்குப் பேதுருவின் முதல் நிருபம் வந்தபோது, கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலால் பிறந்த நம்பிக்கையைப் பற்றிப் பேசியதோடு நில்லாமல், அந்தந்த ஊர்க்காரர் நடுவில் ஒழுங்காக நடந்துகொள்ளவும் சொன்னது.

பாபிலோனுக்குத் திரும்புவோம். எரேமியாவின் கடிதப்படி அகதிகள் வாழ்ந்தார்களா? வாழ்ந்தார்கள் என்கின்றன ஏறக்குறைய 200 களிமண் பலகைகள். கி.மு. 572 முதல் 477 வரையிலான இந்தப் பலகைகளில் பலவற்றில் ஆல் யாகூதூ என்ற யூதர் குடியிருப்பு வருகிறது. வாற்கோதுமை, பேரீச்சை, குத்தகை, வரி, கடன் என்று ஊர்க்கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது. அந்த முற்றுகையில் எருசலேம் தரைமட்டமாகிப் பதினைந்து ஆண்டுக்குள் அவர்கள் அங்கே விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கி.மு. 539-இல் பாரசீக அரசன் கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான். ஊர் திரும்ப வழி திறந்தது. எஸ்றாவின் புத்தகம் 42,360 பேர் திரும்பியதாகக் கணக்குத் தருகிறது. ஆனால் நிறையப் பேர் அங்கேயே தங்கினார்கள். அந்தச் சமூகத்திலிருந்துதான் பிற்காலத்தில் யூதர்களின் சமய நூலான பாபிலோனியத் தல்மூத் பிறந்தது. 1950-51-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இஸ்ரேலுக்குப் புறப்படும்வரை பாபிலோன் இருந்த ஈராக்கில் யூதர் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள்.

வாக்கை நம்பியவர்கள் யார், திரும்பியவர்களா, தங்கியவர்களா? ஒரே கடிதத்தை வைத்து இரு பக்கமும் வாதாடலாம். திரும்பியோர் அணிக்கு எஸ்றாவின் பெயர்ப்பட்டியல் ஆதாரம். தங்கியோர் அணிக்கு ஆல் யாகூதூவின் குத்தகைச் சீட்டுகள். பட்டிமன்றப் பேச்சாளர்களுக்குப் பஞ்சமில்லாத இந்தச் சங்கம் அடுத்த ஆண்டு விழாவுக்கு இதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு அணிக்கும் ஆள் சேர்ப்பது கடினமாக இருக்காது. நடுவர் கிடைப்பதுதான் கடினம்.