தூரிகை பிடிப்பவரும் உழைப்பாளியே!

(மில் தொழிலாளர் வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நெய்தவன் இடுப்பில் கிழிசல், விளைவித்தவன் வீட்டில் பட்டினி. இதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படம் எழுதுகிறவருக்கும் அதே கதிதான் என்று சொல்லவே இன்று வந்தேன்.

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் பாபுன்யா என்றொரு குடியிருப்பு உண்டு. அந்த மண்ணின் ஆதிகுடிகளை அவரவர் பூமியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து, வெள்ளையரைப் போல வாழப் பழகுங்கள் என்று சர்க்கார் அங்கே வைத்தது. 1971-ல் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் ஊக்கமூட்ட, ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் கதையைத் தீட்டினார்கள். மணலிலும் மேனியிலும் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்த கோடுகள் அவை. சில ஆண்டுகளுக்குள் அந்தச் சுவரின் மேல் வர்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். ஆனால் 1972-லேயே ஓவியர்கள் தங்களுக்குச் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கிவிட்டார்கள். 'பாபுன்யா துலா' என்ற அந்தக் கம்பெனி இன்றும் நடக்கிறது.

அவர்களில் ஒருவர் ஜானி வாரங்குலா. 1972-ல் அவர் எழுதிய மழைநீர்ப் படம் ஒன்று 150 டாலருக்குப் போயிற்று. அதே படம் 1997-ல் 2 லட்சத்து 6 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. 2000-ல் 4 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல்! கிழவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். அந்தத் தொகையில் ஒரு காசுகூடச் சட்டப்படி அவருக்கு உரிமையில்லை. 2001-ல் கண்ணை மூடினார்.

இன்னொன்று கேளுங்கள். இது நெசவு சமாசாரம், உங்களுக்கு உடனே விளங்கும். ஆதிகுடி ஓவியர்களின் சித்திரங்களை, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், வியட்நாமில் கம்பளமாக நெய்வித்து விற்றது ஒரு கம்பெனி. ஓவியர்கள் வழக்காடினார்கள். 1994-ல் சுமார் 1 லட்சத்து 88 ஆயிரம் டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்பானது. கம்பெனியோ கடையைக் கட்டிவிட்டது. தீர்ப்பு கிடைத்தது, பணம் கைக்கு வரவில்லை.

ஆனாலும் போராட்டம் வீண்போகவில்லை. 2009-ல் சட்டம் வந்தது. 2010 ஜூன் முதல் அமலிலிருக்கும் அச்சட்டப்படி, ஆயிரம் டாலருக்குக் குறையாத படம் வியாபாரிகள் மூலம் மறுவிற்பனையானால் நூற்றுக்கு 5 பங்கு ஓவியருக்குச் சேர வேண்டும்.

இன்று அந்தப் பாலைவனத்து இளம்பெண் ஒருத்தி இத்தொழிலுக்கு வருகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவள் முன்னே இரண்டு வழி. ஒன்று, ஊரார் சேர்ந்து நடத்தும் கலைக்கூடம். அங்கே துணியும் வர்ணமும் கிடைக்கும், விற்ற கணக்கு எழுதப்படும், எந்தக் கதையை எழுத அவளுக்கு உரிமை உண்டென்று பெரியவர்கள் சொல்லித் தருவார்கள். மற்றது, ரொக்கத்தைக் காட்டி அழைக்கும் தரகனின் வண்டி. சந்தையிலோ போலிச் சரக்கு குவிந்து கிடக்கிறது. ஆதிகுடிக் கலை என்ற பெயரில் விற்கும் நினைவுப் பொருள்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கு மேல் போலிகளுக்கே போகிறதென்று 2022-ல் ஒரு அரசு ஆணைக்குழுவே கூறியது.

ஆகவே முதல் படத்துக்கு முன்பே அவள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இது யாருடைய கதை? விலையில் என் பங்கு எவ்வளவு? மறுபடி விற்றால் எனக்கென்ன? தனியாகக் கேட்டால் தரகன் சிரிப்பான். கூடத்தாரோடு சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மில் வாசலிலும் களத்துமேட்டிலும் நாம் கற்ற பாடமும் இதுதானே, தோழர்களே!