காளியின் கோபம்



1978இல் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' படத்தில் ரஜினிகாந்த் நடித்த காளியை வெறும் முரடன் என்றே எண்ணியிருந்தேன். பெற்றோரை இழந்து, தங்கையைத் தானே வளர்த்தவன் அவன். அவளையும் இழந்துவிடுவோமோ என்ற பயமே அவனிடம் கோபமாக வெளிப்படுகிறது. ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்து மருத்துவரோ, தாம் காதலித்தவளின் கணவனையே காப்பாற்றப் பாடுபடுகிறார். இழப்பு ஒருவரை இறுக்குகிறது, இன்னொருவரை இளக்குகிறது.

2009இல் போர் முடிந்தபின், புளியங்குளத்தில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன், தங்கையோடு எவர் பேசினாலும் சண்டைக்குப் போவான். கண்டித்தேன், காரணம் கேட்கவில்லை. காளியை மறுபடி பார்த்த இரவில்தான் அது உறைத்தது. இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன், பிறகுதான் கண்டிப்பு.