ஆங்கில வகுப்பில் வாக்குச் சீட்டு
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆங்கிலம் படிப்பிக்கிற வகுப்பில் அரசியல் எதற்கு என்று பெற்றோர் கேட்பதுண்டு. கட்சிக் கதை வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ரீச்சர் யாருக்கு வாக்களித்தார் என்பது பிள்ளைக்குத் தெரியவே கூடாது. ஆனால் 18 வயதில் வாக்களிக்கப் போகிறவளை வருடா வருடம் "என் செல்லப் பிராணி" என்றே கட்டுரை எழுதவைப்பது சரியென்று எனக்குப் படவில்லை.

இந்தச் சங்கம் தொடங்கியபோது அதில் இருந்த ஒருவருக்கும் வாக்குரிமை இல்லை. 1931இல்தான் இலங்கைப் பெண்களுக்கு அது கிடைத்தது. அடுத்த வருடமே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

2024 சனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 1982 முதல் ஒருமுறையும் தேவைப்படாத இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணிக்கை அன்று தேவைப்பட்டது. "இஃப்" என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்? ஒருவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் என்ன நடக்கும்? மூன்றாவதாக வந்தவருக்கு விழுந்த சீட்டுகளை என்ன செய்வார்கள்? தரம் 10 பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதினார்கள்; வீட்டில் அம்மம்மாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்தினார்கள்.

அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையையும் வாசித்தோம். சிங்களம் அரசகரும மொழி என்பது முதல் வரி. தமிழ் "ஆல்சோ" அரசகரும மொழி என்பது 1987இல் 13ஆம் திருத்தத்தால் வந்த வரி. ஆங்கிலம் இணைப்பு மொழி. அந்த "ஆல்சோ"வை எடுத்துவிட்டால் கருத்து மாறுமா என்று கேட்டேன். ஒரு பாடவேளை போதவில்லை. சட்டத்தில் மாறாது, வாசிக்கிறவரின் மனதில் மாறும் என்றாள் ஒருத்தி. அப்பாவுக்கு வந்த அலுவலகக் கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்ததே, அதற்கு எந்த வரி பொருந்தும் என்றாள் இன்னொருத்தி. அதற்குப் பதிலை ஆங்கிலத்திலேயே கடிதமாக எழுதச் சொன்னேன். நல்ல கடிதம்.

செயப்பாட்டு வினைக்குப் பத்திரிகை போதும். "காணிகள் கையகப்படுத்தப்பட்டன." யாரால்? அந்த "பை" எங்கே போனது என்று தேடுவதுதான் எங்கள் இலக்கணம்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூலகத்துக்கு வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு ஆங்கில நாளிதழ்களுக்குச் சந்தா கட்டித் தாருங்கள். ஒரே செய்தியை இரண்டிலும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். ஒன்று போதாது.