பிகாரோவின் கல்யாணம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு பெண்ணுக்கு இருவர் போட்டி என்றால் நாடக மேடையில் பெரும்பாலும் பாட்டும் கண்ணீரும்தான். பிரெஞ்சு நாட்டுப் போமார்ஷே அதே கதையை வைத்து மக்களைச் சிரிக்க வைத்தார். கடிகாரத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, தாமும் கடிகாரம் செய்தவர் அவர். 1778-இல் அவர் எழுதிய நாடகம் ‘பிகாரோவின் கல்யாணம்’. அதை ஆடக் கூடாதென்று 16-ஆம் லூயி மன்னன் தடுத்தான். தடை நீங்கி, 1784 ஏப்ரல் 27-ஆம் நாள் பாரிஸ் நகரில் அரங்கேறியது.

கதை நடப்பது ஸ்பெயின் நாட்டில், அல்மாவீவா பிரபுவின் மாளிகையில். பிகாரோ பிரபுவின் வேலைக்காரன். சூசான், பிரபுவின் மனைவிக்குப் பணிப்பெண். இருவருக்கும் அன்றுதான் கல்யாணம். பிரபு கொடுத்த அறையில் கட்டில் போட இடமுண்டா என்று பிகாரோ தரையை அளக்கிறான். பிரபுவின் அறை அதற்குப் பக்கத்திலேயே இருப்பதன் காரணத்தைச் சூசான்தான் அவனுக்கு விளக்குகிறாள்.

வேலைக்காரன் மணக்கும் பெண்மீது முதல் உரிமை எஜமானுக்கே என்பது அம்மாளிகையின் பழைய வழக்கம். தம் திருமணத்தின்போது அதை ஒழித்துவிட்டதாக ஊரறியச் சொன்னவர் பிரபு. இப்போது சீதனப் பணத்தைக் காட்டி, அதையே இரகசியமாகத் திரும்பப் பெறப் பார்க்கிறார். வாயால் விட்டதைப் பணப்பையால் பிடிக்கும் தந்திரம்!

பிகாரோவுக்குக் கடன் தொல்லையும் உண்டு. மார்செலின் என்ற அம்மாளிடம் கடன் வாங்கி, அடைக்காவிட்டால் அவளையே மணப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறான். வழக்கு வருகிறது. தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் யார்? பிரபுவேதான்! பணத்தைக் கட்டு, இல்லையேல் இன்றே அவளை மணந்துகொள் என்பது தீர்ப்பு. மார்செலின் அவனைப் பெற்ற தாய் என்று தெரிய வந்ததால்தான் தப்புகிறான்.

தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். பிகாரோ மகா கெட்டிக்காரன். ஆனாலும் அவன் போடும் திட்டங்கள் சறுக்குகின்றன. கடைசியில் சூசானையே சந்தேகித்து இருட்டில் நின்று புலம்புகிறான். உயர்ந்த குலத்தில் பிறந்ததன்றிப் பிரபுவுக்கு வேறென்ன தகுதி என்று அவன் அப்போது பொருமுவது உலகப் புகழ் பெற்றது. ஆனால் பிரபுவை மடக்கியது அந்தப் பேச்சன்று. இரண்டு பெண்களின் ஒற்றுமை.

சூசான் நடந்ததை மறைக்கவில்லை. எஜமானியும் அவளும் உடை மாற்றிக் கொள்கிறார்கள். இரவில், பூங்காவில், சூசான் என்றெண்ணித் தம் மனைவியையே பிரபு கொஞ்சுகிறார். பிறகு பிகாரோவோடு நிற்பவள் தம் மனைவி என்று நம்பி ஊரைக் கூட்டுகிறார். எல்லோரும் கெஞ்சியும் மன்னிக்க மறுக்கிறார். அப்போது உண்மையான மனைவி வெளியே வருகிறாள். மன்னிப்புக் கேட்பது இப்போது பிரபுவின் முறை!

1789 ஆகஸ்ட் 4-ஆம் நாள் இரவு, பிரெஞ்சு தேசிய சபை பிரபுக்களின் சலுகைகளை ஒழிக்க முடிவெடுத்தது. நாடகமே புரட்சி செய்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எஜமானரைப் பார்த்துச் சிரிக்கப் பழகியவர்களுக்கு அச்சம் குறைகிறது.

நாம் பெற்ற உரிமை எதுவாயினும், அது பின்வாசல் வழியாகப் பறிபோகாமல் காக்க வேண்டும். தொல்லைக்கு ஆளான பெண் வாய்திறந்தால், அவளைச் சந்தேகிக்காமல் அவள் பக்கம் நிற்க வேண்டும். நம் இளைஞர்கள் இந்நாடகத்தைத் தமிழில் ஆடட்டும். நாம் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்போம்.