லைசன்ஸ் எடுத்தவருக்கு மறுபடியும் சோதனை வேண்டுமா?



லைசன்ஸ் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடியும் சோதனைக்குப் போகவேண்டும் என்று சட்டம் வந்தால் எப்படியிருக்கும்? கேட்டவுடனேயே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கை லைசன்சை நேரடியாக மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் ஒன்ராறியோவுக்கு இல்லை. ஊரில் பத்து வருடம் வான் ஓடியவரும் இங்கே வந்து புதிதாகச் சோதனை எடுக்கவேண்டியிருந்தது. பழைய அனுபவத்துக்கு அத்தாட்சிக் கடிதம் கேட்டால், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர் அதை யாரிடம் போய் வாங்குவது? வேலைக்கு லீவு போட்டு, இரண்டு மூன்று தடவை தோற்று, கடைசியில் கிடைத்த அட்டை அது. அதை மறுபடி பணயம் வைக்க யாருக்கு மனம் வரும்?

ஆனாலும் இந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்து சேர்ந்த நம்மவர்கள் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதும், கோயிலுக்கும் கடைக்கும் போய்வருவதும் அவர்களுடைய காரில்தான்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? சாதாரண ஜி லைசன்சை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம். 80 வயது வரை, லைசன்சைக் காலாவதியாக விடாமலும் பெரிய குற்றங்களில் மாட்டாமலும் இருந்தால், பொதுவாக யாரும் நம்மைச் சோதிப்பதில்லை. 1992இல் எழுத்துச் சோதனை எழுதிய ஒருவர் இன்றுவரை ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் வீதிச் சட்டங்கள் அப்படியே நிற்கவில்லை. 2009 ஒக்ரோபரில் கையில் தொலைபேசி வைத்துக்கொண்டு ஓடுவது தடைசெய்யப்பட்டது. 2019 முதல், முதல் தடவை குற்றவாளியாகக் காணப்பட்டாலே 3 நாட்களுக்கு லைசன்ஸ் இடைநிறுத்தப்படும். 2015 செப்ரெம்பர் முதல் சைக்கிளில் போகிறவரைத் தாண்டும்போது இயன்றவரை 1 மீற்றர் இடைவெளி விடவேண்டும். 2016 ஜனவரி முதல் பாதசாரிக் கடவையிலும் பள்ளிக்கூடக் கடவையிலும், கடப்பவர் வீதியின் மறுகரைக்கு முழுவதுமாகப் போய்ச்சேரும் வரை நாம் நிற்கவேண்டும். பாதி கடந்துவிட்டாரே என்று காரை எடுக்கக்கூடாது. இவையெல்லாம் தெரியுமா என்று பழைய சாரதிகளை யாரும் கேட்டதில்லை.

ஆகவே என் கருத்து இது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லைசன்ஸ் புதுப்பிக்கும்போது, வயது வேறுபாடு இல்லாமல், எல்லோருக்கும் ஒரு சிறிய எழுத்துச் சோதனை வைக்கலாம். இருபத்தைந்து வயதுக்காரரும் எழுதட்டும், எழுபத்தைந்து வயதுக்காரரும் எழுதட்டும். ஜி-வன் எழுத்துச் சோதனையை ஏற்கெனவே தமிழில் எழுதலாம். இதையும் தமிழில் வைத்தால் நமக்கு மொழிப் பயமும் இல்லை.

அப்படியானால் வீதிச் சோதனையையும் எல்லோருக்கும் வைக்கலாமே என்று கேட்பீர்கள். அது நடைமுறைக்கு ஒத்துவராது. 2020இல் கொவிட் காரணமாகச் சோதனைகள் நின்றபோது பெரும் தேக்கம் ஏற்பட்டது. அதைக் குறைக்க 2022இல் ஜி வீதிச் சோதனையின் சில பகுதிகளையே தற்காலிகமாக நீக்கினார்கள். புதியவர்களுக்கே இந்த நிலை என்றால், மாகாணத்திலுள்ள சாரதிகள் எல்லோரையும் வரிசையில் விட்டால் என்ன ஆகும்? இரவு வேலைக்குப் போகிறவர், டாக்சி ஓடுகிறவர், ட்ரக் ஓடுகிறவர் ஆகியோருக்கு ஒரு நாள் பதற்றத்தில் செய்த பிழையால் வீட்டு வருமானமே நின்றுவிடும். வீதிச் சோதனை, விபத்தும் குற்றப்பதிவும் உள்ளவர்களுக்கும் உடல்நிலையில் சந்தேகம் உள்ளவர்களுக்கும் போதும்.

முதியவர்கள் விடயத்துக்கு வருவோம். 1996 வரை ஒன்ராறியோவில் 80 வயதைத் தாண்டியவர்கள் வருடாவருடம் வீதிச் சோதனைக்குப் போகவேண்டியிருந்தது. பின்னர் அது மாறியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண் சோதனையும், குழுவாக இருந்து பெறும் விளக்க வகுப்பும் வந்தன. 2014இல் எழுத்துச் சோதனைக்குப் பதிலாக, மணிக்கூட்டின் படம் வரைவது போன்ற இரண்டு சிறு பயிற்சிகளைக் கொண்டுவந்தார்கள். சந்தேகம் இருந்தால் மட்டும் வீதிச் சோதனைக்கு அனுப்புவார்கள்.

இதை இன்னும் இறுக்கினால் நல்லதுதானே என்று தோன்றலாம். டென்மார்க்கில் முதிய சாரதிகளுக்கு ஞாபகசக்திச் சோதனை வைத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அதனால் முதிய சாரதிகளின் விபத்து மரணங்கள் குறையவில்லை என்றும், நடந்தும் சைக்கிளிலும் போன முதியவர்களின் மரணம் கூடியது என்றும் கண்டது. ரொறன்ரோவிலும் வாகனம் மோதி இறக்கும் பாதசாரிகளில் முதியவர்களின் பங்கு பெரியது. காரைப் பறித்துவிட்டு, ஃபின்ச் வீதியையோ லோறன்ஸ் வீதியையோ பனிக்காலத்தில் நடந்து கடக்க விட்டால் அது பாதுகாப்பு ஆகுமா?

எனவே அரசாங்கச் சோதனைக்கு முன்னால் வீட்டில் நாம் செய்யவேண்டியது ஒன்றிருக்கிறது. அப்பாவோ அம்மாவோ ஓடும்போது மாதத்தில் ஒருநாள் முன் இருக்கையில் இருந்து போய்வாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எதிரே வரும் வாகனத்தின் தூரம் பிடிபடுகிறதா, பழகிய பாதை மறக்கிறதா, காரில் புதுக் கீறல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றம் தெரிந்தால் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லாதீர்கள். தனியே இருந்து பேசுங்கள்.

வைத்தியரிடம் தலைச்சுற்றை மறைக்கச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அது கூடாது. வாகனம் ஓடுவதற்கு ஆபத்தான நோய் நிலைகளை அறிவிப்பது ஒன்ராறியோ வைத்தியர்களுக்கு 1968 முதல் சட்டக் கடமை. அந்தப் பயத்தில் மறைத்தால் நோயும் முற்றும், வீதியில் இன்னொருவர் உயிரும் போகலாம். கண்புரையைப் போலச் சிகிச்சையால் சரியாகக்கூடியவை பல. சுகமானபின் லைசன்சைத் திரும்பப் பெற வழியும் உண்டு.

அப்படியும் நிறுத்தவேண்டிய நாள் வந்தால், 'இனி ஓடவேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கோயிலுக்கு வெள்ளிக்கிழமை யார் கூட்டிப்போவது, வைத்தியரிடம் யார் கொண்டுபோவது என்று பிள்ளைகள் முதலில் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். அடையாளத்துக்கு 2011 முதல் ஒன்ராறியோ புகைப்பட அட்டை இருக்கிறது. அதற்கும் கூடப்போய் விண்ணப்பித்துக் கொடுங்கள். நாடு விட்டு நாடு வந்து, குளிரில் பஸ்சுக்கு நின்று, நம்மை வளர்த்து ஆளாக்கிய கைகள் அவை. அந்தக் கைகளிலிருந்து திறப்பை வாங்குவதானால், அவர்கள் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் கொண்டுபோகும் பொறுப்பையும் சேர்த்தே வாங்கவேண்டும்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.