சதைப் பரிசோதனைக்குப் பிறகு இன்னொரு பரிசோதனை எதற்கு?

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நம்மிடம் வரும் மருத்துவ உதவி மனுக்களில் கொஞ்ச காலமாக 'ஐ.எச்.சி.', 'சி.டி. மார்க்கர்' என்று டாக்டர் எழுதிய சீட்டுகள் வருகின்றன. குழுவில் சிலர் கேட்கிறார்கள்: "ஆபரேஷனுக்குக் கொடுக்கலாம், மருந்துக்குக் கொடுக்கலாம். சதை எடுத்துப் பார்த்து கேன்சர் என்று சொல்லியாகிவிட்டது. அதே சதைக்கு மறுபடியும் ஒரு டெஸ்ட் எதற்கு? இது லேப்காரர்கள் வருமானத்துக்குச் செய்வது." கேட்பது நியாயம்தான். ஜமாஅத்தின் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் கேட்காமல் இருந்தால்தான் தவறு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இன்று நிற்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சி.டி. மார்க்கர் வேறு, சி.டி. ஸ்கேன் வேறு. காதுக்கு இரண்டும் ஒன்றாக விழுவதால், "சி.டி.தான் எடுத்துவிட்டோமே" என்று பெரிய கவரில் ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்து நம் மேசையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் உடம்பை வெளியிலிருந்து படம் பிடிப்பது. நான் சொல்லும் சி.டி., உடம்பிலிருந்து எடுத்த சதையில் உள்ள அணுக்களின் மேல் இருக்கும் புரதத்துக்கு வைத்த வரிசை எண். சி.டி. 3, சி.டி. 20, சி.டி. 30 என்று இப்போது முந்நூறுக்கும் மேல் போய்விட்டது. ஒவ்வொரு நாட்டு ஆய்வுக்கூடமும் ஒரே புரதத்துக்கு வேறு வேறு பெயர் வைத்துக் குழம்பியதால், 1982இல் பாரிசில் கூடி இந்த எண் முறையை ஏற்படுத்தினார்கள்.

அந்தப் புரதம் எதற்கு? நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் எல்லாம் எலும்பு மஜ்ஜையில் ஒரே மூல அணுவிலிருந்து பிறக்கின்றன. வளர வளரப் பிரிந்து, ஒன்று பி செல் ஆகிறது, ஒன்று டி செல் ஆகிறது. பிரியும்போது ஒவ்வொன்றும் தனக்குரிய புரதத்தை மேலே அணிந்துகொள்கிறது. துறைமுகத்துக்குள் போகிறவர்களைப் பாருங்கள். தூரத்திலிருந்து எல்லோரும் ஒரே ஹெல்மெட், ஒரே சட்டை. கிரேன் ஓட்டுகிறவர் யார், பிட்டர் யார் என்று கழுத்தில் தொங்கும் பாஸைப் பார்த்தால்தான் தெரியும். மைக்ராஸ்கோப்பில் பி செல்லும் டி செல்லும் அப்படித்தான், இரண்டும் நீல நிறத்தில் சிறு உருண்டைகள். பி செல்லின் பாஸ் சி.டி. 20. டி செல்லின் பாஸ் சி.டி. 3. இதில் இன்னொரு விசேஷம், சி.டி. 20 பி செல்லின் வாழ்நாள் முழுக்க இருப்பதில்லை. பிறந்த புதிதில் இருக்காது, நடுப்பருவத்தில் இருக்கும், முற்றி பிளாஸ்மா செல் ஆனதும் போய்விடும். ஆகவே அணு எந்த வகை என்பதோடு, எந்தப் பருவத்தில் கெட்டுப்போனது என்பதும் தெரிகிறது.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கழுத்தில் நெறி கட்டினால் நம் மக்கள் முதலில் நினைப்பது காசநோயை. பெரியவர்கள் கண்டமாலை என்பார்கள். அது தவறான எண்ணமும் அல்ல. நம் நாட்டில் கழுத்து நெறிக்குக் காசநோய் மிகச் சாதாரணமான காரணம். ஆனால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் அதே இடத்தில், அதே மாதிரி, பெரும்பாலும் வலியே இல்லாமல்தான் வருகிறது. மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு இளைப்பது, இந்த மூன்றும் இரண்டு நோய்க்கும் பொது. நம் பகுதியைச் சேர்ந்த ட்ரெய்லர் ஓட்டும் சகோதரர் ஒருவர், சதை எடுத்துப் பார்க்காமலேயே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்டார். நெறி கரையவில்லை, அக்குளிலும் வந்தது. பிறகுதான் சதை எடுத்தார்கள். லிம்போமா மாதிரி தெரிகிறது, வகை தெரிய ஐ.எச்.சி. செய்யவும் என்று அறிக்கை வந்தது. அந்தக் கடைசி வரியை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது கையில் காசில்லை. அங்கே இன்னும் ஆறு வாரம் போனது. அல்லாஹ்வின் கிருபையால் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். அந்த ஆறு வாரத்தைத்தான் நான் குழுவின் முன் வைக்கிறேன்.

அந்தப் பரிசோதனையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எடுத்த சதையை ஃபார்மலினில் போட்டுப் பதப்படுத்தி, மெழுகுக்குள் புதைத்து ஒரு சிறு கட்டியாக்குகிறார்கள். அதுதான் 'பிளாக்'. அதைத் தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சொட்டு விடுகிறார்கள். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல, சி.டி. 20க்கு உரிய ஆன்டிபாடி அந்தப் புரதத்தைத்தான் தேடிப் பிடிக்கும். பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிய, முள்ளங்கி இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கிலிருந்து எடுத்த நொதியை இணைத்து ஒரு சாயம் ஊற்றினால், பிடித்த இடமெல்லாம் பழுப்பு நிறமாகும். பழுப்பு வந்தால் பி செல். வராவிட்டால் அடுத்த ஆன்டிபாடியைப் பார்ப்பார்கள். ஹாட்ஜ்கின் என்ற வகையாக இருந்தால் சி.டி. 15, சி.டி. 30 பெரும்பாலும் பழுப்பாகும்.

சி.டி. 20க்கு உலகெங்கும் பரிசோதனைக் கூடங்களில் பயன்படும் ஆன்டிபாடி ஒன்றின் பெயர் எல் 26. டான்சிலில் இருந்து எடுத்த மனித பி செல்களை எலிக்குச் செலுத்தி உண்டாக்கியது அது. சாயம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சரிபார்ப்பதற்கும், ஆபரேஷனில் எடுத்த டான்சில் துண்டு ஒன்றை நோயாளியின் சதையோடு சேர்த்துச் சோதிப்பார்கள். நல்ல லேப் என்றால் இந்தச் சரிபார்ப்பை விடாது.

எலி என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர், எலியின் மண்ணீரல் அணுவையும் புற்று அணு ஒன்றையும் இணைத்து, ஒரே வகை ஆன்டிபாடியை முடிவில்லாமல் சுரக்கும் அணுவை உண்டாக்கினார்கள். 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை, அதனால் உலகமே செய்துகொண்டது. நஜீஸ் பிரச்சினை வருமா என்று ஒரு பெரியவர் கேட்டார். இந்தச் சொட்டு விழுவது கண்ணாடியின் மேல், நோயாளியின் உடம்புக்குள் எதுவும் போவதில்லை. ஆகவே அந்தக் கேள்விக்கே இடமில்லை. மருந்தாக உடம்பில் ஏற்றும் ஆன்டிபாடியைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் நம் இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

மருந்து என்றேனே, பரிசோதனையின் பலனே அங்கேதான். ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி மருந்தும் ஓர் ஆன்டிபாடிதான், சி.டி. 20 இருக்கும் அணுவைத் தேடி ஒட்டிக்கொண்டு அழிக்கிறது. அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது. அப்போது நம் போன்றவர்கள் எட்டிப் பார்க்க முடியாத விலை. 2007இல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கிய பிறகு விலை இறங்கியது. பி செல் லிம்போமா பலவற்றில் வழக்கமான கீமோவோடு இதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆனால் சி.டி. 20 இல்லாத நோயாளிக்கு இது பிடித்துக்கொள்ள இடமே இல்லை. செலவும் வீண், நாளும் வீண். சில ஆன்டிபாடிச் சொட்டுகளுக்குக் காசு கொடுக்கத் தயங்கி, பொருந்தாத மருந்துக்குப் பல மடங்கு கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு எண்ணை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், சி.டி. 4. எச்.ஐ.வி. கிருமி தாக்குவது அந்த அணுவை. 1986இல் இந்தியாவிலேயே முதலில் அக்கிருமியைக் கண்டுபிடித்தது நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். 2004இல் அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, சி.டி. 4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனவர்களுக்கு முன்னுரிமை என்று அதை வைத்தே முடிவு செய்தார்கள். ஓர் எண் ஒரு மனிதரின் மருந்தை முடிவு செய்வது நமக்குப் புதிதல்ல.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். வீட்டுக்காரர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், இதைக் கவனமாகக் கேளுங்கள்.

சதை எடுக்கும் முன், "காசநோய்க்கும் சேர்த்துப் பார்ப்பீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பார்ப்பதானால் இரண்டு பாட்டில் வேண்டும். ஐ.எச்.சி.க்குப் போகும் துண்டு ஃபார்மலினில். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் துண்டு சலைன் தண்ணீரில், ஏனென்றால் ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். மாற்றிப் போட்டால் இரண்டும் கெட்டது. நெறி குறையட்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். லிம்போமா அதில் தற்காலிகமாகச் சுருங்கி, சதையில் உண்மை தெரியாமல் போய்விடும். ஊசி வைத்து உறிஞ்சிப் பார்ப்பது முதல் படிதான், வகை தெரிய முழு நெறியையோ பெரிய துண்டையோ எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னால் பயப்படாதீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், அறிக்கைத் தாளோடு ஸ்லைடையும் மெழுகுப் பிளாக்கையும் லேபில் எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். பிளாக் இருந்தால் ஸ்டான்லியிலோ, ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையிலோ, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலோ மறுபடி கத்தி வைக்காமலே பார்க்க வாய்ப்புண்டு. அது மெழுகு என்பதை மறக்காதீர்கள். மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு எண்ணூரிலிருந்து அடையாறு வரை போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரத்தப் புற்றுநோய்க்கு இதே ஆன்டிபாடிகளை இரத்தத்திலோ மஜ்ஜையிலோ கலந்து இயந்திரத்தில் பார்ப்பார்கள், ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று பெயர். அதற்கு அணுக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். "நாளை மறுநாள் பணம் கட்டுகிறோம்" என்பது அங்கே நடக்காது.

பணத்தைப் பற்றி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அட்டை இல்லாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பிக்க உதவுகிறோம். ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அனுமதி கேட்கும்போது, நோய் இன்னதென்று பெயர் போட்ட அறிக்கை வேண்டும். அந்தப் பெயரைத் தருவது இந்தப் பரிசோதனைதான். நாம் இதற்குக் கொடுக்கும் தொகை அந்தப் பெரிய தொகையின் கதவைத் திறக்கிறது. இதைவிட வேறு காரணம் நான் குழுவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜகாத் நிதியிலிருந்து கொடுக்கலாமா என்றும் கேட்டார்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை நோயாளியின் கையில் அந்தப் பணத்தை உரிமையாக்கிக் கொடுத்துவிடுவோம், அவர் கட்டிக்கொள்வார். லேபுக்கு நாமே நேரில் கட்டுவதாக இருந்தால் சதகா நிதியிலிருந்து மட்டும். இரண்டு கணக்கையும் கலக்க மாட்டோம். ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் தனித்தனிக் கட்டணம் என்பதால், "எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். எவை தேவை என்று பேதாலஜி டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், அந்தச் சீட்டுக்கு மட்டும் கொடுப்போம்.

இம்மாதம் முதல் இத்தகைய மனுக்கள் மாதாந்தரக் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்று குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. மூன்று உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால் அன்றே கொடுக்கப்படும். வரும்போது சதைப் பரிசோதனை அறிக்கை, டாக்டர் சீட்டு, குடும்ப அட்டை நகல் மூன்றையும் கொண்டுவாருங்கள். அஸருக்குப் பிறகு இஷா வரை அலுவலகம் திறந்திருக்கும். நோயாளி வர வேண்டாம், வீட்டார் ஒருவர் வந்தால் போதும்.