எந்தப் பாகம் துப்பாக்கி?

இன்னைக்கு எபிசோடு துப்பாக்கி பத்தி. பயப்படாதீங்க, எப்படிச் செய்யறதுன்னு சொல்லப் போறதில்லை. அமெரிக்காவுல ரைஃபிளைப் பொழுதுபோக்கா வெச்சிருக்கிறவங்களோட ரசனை இருபது வருஷத்துல எப்படி மாறுச்சு, அது சட்டத்துக்கு என்ன தலைவலி கொடுத்துச்சுன்னு பார்ப்போம். நாம தினமும் பேசற மாடுலர் டிசைனோட கதைதான் இதுவும்.

என்னோட டீம்ல டெக்சஸ்காரர் ஒருத்தர் இருக்கார், ஐம்பது வயசைத் தாண்டினவர். அவர் வாங்கின முதல் ரைஃபிள் மோசின்-நகாண்ட். 1891ல ரஷ்ய ராணுவம் ஏத்துக்கிட்ட மாடல், கோடிக்கணக்குல தயாரிச்சாங்க. சோவியத் யூனியன் உடைஞ்ச பிறகு அந்தப் பழைய ஸ்டாக் எல்லாம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துச்சு. 2000களின் தொடக்கத்துல 100 டாலர்கூட இல்லை. துரு பிடிக்காம இருக்க கிரீஸ் பூசி வரும், அதைத் துடைக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிடும்னு சொல்வார். நல்ல கனம், தோள்ல பலமா உதைக்கும். ஆனா அதுல மாத்த ஒண்ணுமில்லை. தொழிற்சாலையில இருந்து எப்படி வந்ததோ, அப்படியே வெச்சுக்கணும்.

அடுத்து ஏஆர்-15. இதுல 'ஏஆர்' அப்படிங்கிறது ஆர்மலைட் ரைஃபிள். ஆர்மலைட் 1954ல ஃபேர்சைல்டுங்கிற விமானக் கம்பெனியோட ஒரு பிரிவா ஆரம்பிச்சது. அங்க இருந்த யூஜீன் ஸ்டோனர் மரத்தையும் எஃகையும் குறைச்சு, அலுமினியத்துலயும் பிளாஸ்டிக்லயும் டிசைன் பண்ணினார். 1959ல உரிமை கோல்ட் கம்பெனிக்குப் போச்சு. 1977ல பேட்டன்ட் காலாவதி ஆனதும் மத்த கம்பெனிகளும் உள்ளே வந்தாங்க.

இந்த ரைஃபிள் மேல் பாதி, கீழ் பாதின்னு ரெண்டா பிரியும். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது ரெண்டு பின். ஒரு கம்பெனியோட மேல் பாதி இன்னொரு கம்பெனியோட கீழ் பாதியில பெரும்பாலும் அப்படியே பொருந்தும். நம்ம பாஷையில சொன்னா இன்டர்ஃபேஸ் நிலையா இருந்துச்சு, அதனால யார் வேணும்னாலும் இம்ப்ளிமென்ட் பண்ணலாம்.

1994ல வந்த மத்திய அரசுத் தடை இந்த வகை ரைஃபிள்களைச் சில அம்சங்களை வெச்சு அடையாளம் சொல்லுச்சு. மடக்குற ஸ்டாக், பயோனெட் மாட்டுற இடம், தீப்பொறியை மறைக்கிற குழல்முனை, இப்படி. கம்பெனிகள் அந்த அம்சங்களைக் கழட்டிட்டு மிச்சத்தை வித்தாங்க. 2004 செப்டம்பர்ல தடை காலாவதி ஆச்சு. அதுக்கப்புறம்தான் நம்ம டெக்சஸ்காரர் வாங்கறதை விட்டுட்டு 'பில்ட்' பண்ண ஆரம்பிச்சார். பேரல் ஒரு இடம், ட்ரிகர் ஒரு இடம், கைப்பிடி வேற இடம். புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றவன் ஆர்ஜிபி லைட் போடுற மாதிரி, கிடைச்ச இடத்துல எல்லாம் எதையாவது மாட்டியிருந்தாராம்.

மாட்டுறதுக்கும் ஸ்டாண்டர்ட் இருக்கு. 1995ல அமெரிக்க ராணுவம் பிக்கட்டினி ரெயிலை ஸ்டாண்டர்டா ஆக்குச்சு. பிறகு கீமாட், எம்-லாக்னு ரெண்டு புது முறைகள் மோதிக்கிச்சு. கீமாட் எல்லாருக்கும் திறந்துவிட்ட ஸ்பெக். எம்-லாக் இலவசம்தான், ஆனா லைசன்ஸ் வாங்கணும். ஜெயிச்சது எம்-லாக். ஓபன்னு இருந்தாலே ஜெயிச்சிடும்னு நம்புறவங்க இதையும் மனசுல வெச்சுக்கங்க.

அப்புறம் அவருக்கு அந்த அலங்காரம் எல்லாம் சலிச்சுப் போச்சு. வியட்நாம் காலத்து எம்16 மாதிரி தெரியற ஒண்ணைச் சேர்த்தார். முக்கோண முன்பிடி, மேல தூக்குறதுக்குக் கைப்பிடி, ரெயில் கிடையாது. இப்போ அவர் கையில இருக்கிறது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். 2007ல வந்த 6.5 கிரீட்மோர் தோட்டா. நிதானமா ஒவ்வொண்ணா சுடணும். சுத்தி வந்து மோசின்கிட்டயே நின்னுட்டீங்களேன்னு கேட்டேன். இல்லை, இதுவும் பில்டுதான்னு சிரிச்சார். 1962ல வந்த ரெமிங்டன் 700 மாடலோட அளவுகளையே இன்னைக்கு நிறைய கம்பெனிகள் பின்பற்றுது. அந்தக் கம்பெனி ரெண்டு தடவை திவாலாச்சு, அதோட அளவுகள் மட்டும் ஸ்டாண்டர்டா வாழுது.

இங்கதான் நம்ம கேள்வி வருது. எல்லாமே பாகம்னா, எது துப்பாக்கி?

1968 சட்டப்படி ஃபிரேம் அல்லது ரிசீவர்ங்கிற பாகமே துப்பாக்கிதான். கடையில பின்னணிச் சோதனை அதுக்குத்தான். பேரல், ட்ரிகர், ஸ்டாக் எல்லாம் பார்சல்ல வரலாம். சரி, ரிசீவர்னா என்ன? ஹேமர், போல்ட், சுடும் இயக்கம் இதுக்கெல்லாம் இடம் கொடுக்கிற பாகம்னு பழைய விதி சொல்லுச்சு. ஏஆர்ல ஹேமர் கீழ் பாதியில, போல்ட் மேல் பாதியில. விதியை எழுத்துக்கு எழுத்து படிச்சா ரெண்டுமே ரிசீவர் இல்லை! மோனோலித்துக்கு எழுதின ஸ்பெக், மைக்ரோசர்வீஸ் மேல ஓடிக்கிட்டு இருந்துச்சு. கீழ் பாதிதான் துப்பாக்கின்னு அதிகாரிகள் பல வருஷம் சமாளிச்சாங்க. பிறகு சில வழக்குகள்ல நீதிபதிகளே இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினாங்க.

இன்னொரு ஓட்டை கிட். முழுசா முடிக்காத ரிசீவர் சட்டப்படி துப்பாக்கி இல்லைன்னு வித்தாங்க. சீரியல் நம்பர் கிடையாது, சோதனையும் கிடையாது. 2019 நவம்பர்ல கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டாவுல, சாகஸ் உயர்நிலைப் பள்ளியில 16 வயசுப் பையன் ஒருத்தன் ரெண்டு மாணவர்களைச் சுட்டுக் கொன்னான். அவன் கையில இருந்தது கிட்ல இருந்து சேர்த்த, நம்பர் இல்லாத கைத்துப்பாக்கி.

2022ல விதியைத் திருத்தினாங்க. சுலபமா துப்பாக்கியாக்கக்கூடிய கிட்டும் துப்பாக்கிதான், நம்பர் வேணும், சோதனை வேணும். இதை எதிர்த்து வழக்கு போட்டாங்க. 2025 மார்ச்ல உச்ச நீதிமன்றம் 7-2ன்னு விதி செல்லும்னு சொல்லுச்சு. தீர்ப்பு எழுதின நீதிபதி கோர்சச், ஐகியாவுல மேஜை வாங்கினா வீட்டுல பூட்டுறதுக்கு முன்னாடியே அதை மேஜைன்னுதானே சொல்றோம்ங்கிற உதாரணத்தைக் காட்டினார்.

டெக்சஸ்காரருக்கு அரசாங்கக் கட்டுப்பாடு பிடிக்காது. இருந்தும் நம்பர் இல்லாத கிட்டை அவர் தொட்டதே இல்லை. காரணம் ரொம்ப எளிமை. நாளைக்கு வீட்டுல திருடு போனா போலீஸ்ல என்னன்னு சொல்வேன்னு கேட்டார்.

சீரியல் நம்பர் கொலையைத் தடுத்திடாது. 2022ல யுவால்டி பள்ளியில 19 குழந்தைகளையும் ரெண்டு ஆசிரியர்களையும் கொன்னவன் சட்டப்படி கடையில வாங்கின ரைஃபிளோடதான் வந்தான். அதனால கிட் விதியை முழு மருந்துன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எந்த சிஸ்டத்தைப் பாகம் பாகமா பிரிச்சாலும், பொறுப்பு எந்தப் பாகத்துல உட்காருதுன்னு பிரிக்கும்போதே எழுதி வைக்கணும். எழுதலைன்னா அது எங்கேயும் உட்காராது. நம்ம சர்வர்ல அப்படி நடந்தா ராத்திரி பேஜர் அடிக்கும், அவ்வளவுதான். இங்க போறது உயிர்.

உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.